இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

ஐஸ் ஃபாக்டரிக்காரர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டில் ரொம்ப காலம் கிடையாது. அப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "ஒரு நாளைக்கு நானூறு பிளாக் ஐஸ் போடறவன் வீட்டுல ஐஸ் பொட்டி எதுக்கு? ஊரு சிரிக்கும்" என்பார். வீட்டுக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அதில் ஒரு கதவு. பால், வெண்ணெய், அம்மாவின் கண் மருந்து எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் ஐஸ் ரூமில், பிளாக்குகளுக்கு நடுவே ஒரு தகர டப்பாவில் இருக்கும். காலையில் பால் கல்லாகக் கிடக்கும். உடைத்துக் காய்ச்சுவோம். பால் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் தம்பியும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், குளிரைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிர் என் தம்பியின் காலைக் காவு வாங்கப் பார்த்தது. பதினோரு வருடம் ஆகிறது. நேற்று டாக்டரம்மா, அன்று அவனுக்குக் கொடுத்த அதே மருந்தின் பெயரை எனக்கே எழுதிக் கொடுத்ததிலிருந்து மனசு அந்த வருடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது.

அந்த வருடத்தைச் சொல்வதற்கு முன்னால், அதற்கும் ஐந்து வருடம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பி வெளியூரில் ஒரு கம்ப்ரஸர் பூட்டப் போயிருந்தான். "வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வரவேணாம், முடிச்சுட்டு வரட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி தினமும் போனில் கேட்டான், "அப்பா எப்படி இருக்காரு?" நான் தினமும் சொன்னேன், "நல்லா இருக்காரு." அவன் வந்து சேர்ந்தபோது அப்பா போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்தபின் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னான்.

"நீயா சொல்லாம இருந்திருந்தா கூடப் பரவாயில்லக்கா. நான் கேட்டேன். கேட்டதுக்கு அப்புறமும் மறைச்ச பாரு."

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, கீழே நான், மாடியில் அவனும் அவன் மனைவியும். ஒரே ஃபாக்டரி, ஆபீஸில் நான், மெஷின் ரூமில் அவன். ஆர்டர்களை நான் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதுவேன், அவன் வந்து பார்த்துவிட்டுப் போவான். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். மீன் வண்டிக்கு முப்பதா எண்பதா என்று லோடு ஏற்றுகிறவர்கள் என்னிடமே வந்து கேட்பார்கள். தம்பி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை, தப்பாகப் போட்டதும் இல்லை. கேட்டால் பேசவேண்டி வருமே. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை, அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. ஆனால் பேசுவதற்கென்று இருந்த ஒரே ஆளும் பேசாமல் போனால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடும் என்று அந்த ஐந்து வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்தப் பிளாக் விழுந்தது. அச்சிலிருந்து கவிழ்த்த ஐஸ், மரச் சறுக்கலில் வழுக்கி வந்து அவன் முழங்காலுக்குக் கீழே சுவரோடு வைத்து அடித்தது. ஆள் எடைக்கு இரண்டு மடங்கு இருக்கும். ஆபரேஷன் செய்து இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். ஒன்பது மாதம் ஆகியும் எலும்பு சேரவில்லை. கடைசியில் இடுப்பிலிருந்து எலும்பைச் சுரண்டி எடுத்து உடைந்த இடத்தில் வைத்தார்கள்.

எலும்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னையும் தம்பி மனைவியையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். "நாங்க வெச்ச எலும்பு அங்க பிடிக்கணும். தானா பிடிக்கும்னு இனிமே காத்திருக்க முடியாது. எலும்பு வளர்றதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு உறுதியா சொல்லமாட்டேன், ஆனா இவருக்குக் குடுத்துப் பாக்கலாம். தினம் ஒண்ணு, வயித்துல. அதுக்கும் பிடிக்கலேன்னா இன்னொரு இடுப்புல எடுத்துத் திரும்பவும் வெக்கணும். அதுவும் பிடிக்கலேன்னா கால் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

ஊசி பேனா மாதிரி இருந்தது. ஒரு பேனா இருபத்தெட்டு நாளைக்கு. தினமும் புது முனை மாட்டி, பேனாவின் பின்பக்கத்தைத் திருகி, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்தி, பொத்தானை அமுக்கிக்கொண்டு பத்து எண்ண வேண்டும். நர்ஸ் இரண்டு தடவை செய்து காட்டினாள். "கூலா வெக்கணும், வெளியில வெச்சா வீணாயிடும்" என்றாள். கூடவே ஒரு காகிதம் கொடுத்தாள். எட்டாக மடித்த, எறும்பு எழுத்துக் காகிதம். நான் அதைப் பிரிக்கவே இல்லை. கூலாக வைப்பது எப்படி என்று எனக்கா காகிதம்?

யார் போடுவது என்பதுதான் பிரச்சினை. ஃபாக்டரியில் அம்மோனியாக் குழாய் வெடித்தபோது மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி வால்வை மூடியவன் என் தம்பி. ஊசி என்றால் மட்டும் நடுங்குவான். ஆறு வயதில் ஒரு டாக்டரின் கையைக் கடித்துவிட்டு ஓடியவன். அவன் மனைவியோ முள் குத்தினாலே மயங்கி விழுகிற ரகம். "அண்ணி, நீங்கதான் வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் ஒரு காலை ஆறு மணிக்கு, ஐந்து வருடத்துக்குப் பிறகு, பதினேழு படி ஏறி என் தம்பியின் அறைக்குள் போனேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தான். என்னைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நான் சட்டையை விலக்கி, பஞ்சால் துடைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

ஐந்து வருட மௌனம் இந்த லட்சணத்தில்தான் உடைந்தது. அவன் மனைவி வாசலில் திரும்பி நின்றுகொண்டு சிரித்தாள்.

ஊசி போட ஒரு நிமிடம் போதும். நான் உட்கார்ந்திருந்தது முதல் நாள் ஐந்து நிமிடம், இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம். பயத்தை மறக்க அவன் பேசிக்கொண்டே இருப்பான். சின்ன வயசில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை அவன்தான் ஞாபகப்படுத்தினான். வெறுங்காலோடு ஒருவர் மாற்றி ஒருவர் ஐஸ் பிளாக் மேல் ஏறி நிற்போம். யார் அதிகம் எண்ணும்வரை நிற்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். எண்ணுவது நான், மூத்தவள் என்ற உரிமையில்.

"எனக்கு எண்ணும்போது மட்டும் மெதுவா எண்ணுவ. உனக்குன்னா ரயில் வேகம்."

"யாரு சொன்னா?"

"கால் சொல்லுச்சு. இப்பவும் பாரு, பத்து எண்ண அரை நாள் ஆவுது."

ஜன்னலுக்குக் கீழே முதல் லோடு கிளம்பும். மரத்தூள் வாசனையும், லேசாக மூக்கைக் குத்தும் அம்மோனியாவும், கம்ப்ரஸரின் சத்தமும் மேலே வரும். தம்பி மனைவி மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்காருவாள். கம்ப்ரஸர் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால்கூடப் படுத்தபடியே, "பெல்ட்டைப் பாக்கச் சொல்லு" என்பான். என் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் எது என்று யாராவது கேட்டால், தம்பி கால் உடைந்து படுத்திருந்த காலம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் யாரும் கேட்காதவரை நல்லது.

பேனாவை நான் எங்கே வைத்திருந்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? ஐஸ் ரூமில், அம்மாவின் கண் மருந்து இருந்த அதே தகர டப்பாவில். இருப்பதிலேயே நல்ல குளிர் பின்சுவர் ஓரம் என்று தேடிப் பார்த்து, இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே பத்திரமாகச் செருகியிருந்தேன். காலை ஐந்து மணிக்கு எடுப்பேன். கட்டையாக இருக்கும். பால் மாதிரிதானே என்று உள்ளங்கையில் பொத்தி வைத்து இளக்கி, உள்ளே தண்ணீர் அசைகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மாடி ஏறுவேன். ஒருநாள் பேனா அவன் தோலில் பட்டதும், "என்னக்கா இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?" என்றான்.

"ஐஸ்காரன் பேசற பேச்சாடா இது?" என்று அடக்கிவிட்டேன்.

இருபத்தெட்டு நாள் முடிந்ததும் படம் எடுக்கப் போனோம். தம்பியை உள்ளே படம் எடுக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவன் மனைவியும் கூடப் போனாள். நானும் டாக்டரும் மட்டும் இருந்தோம். தீர்ந்த பேனாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே மெல்லிசாக ஒரு கீறல் ஓடியிருந்தது.

"இதை எங்க வெச்சிருந்தீங்க?"

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. "எங்க ஐஸ் ரூம்லதான் டாக்டர். சைஃபருக்குக் கீழ இருக்கும். ஒருநாள்கூடச் சூடு பட விட்டதில்ல."

அவள் பேனாவை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "இது இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல இருக்கணும்மா. ஒரு தடவை உறைஞ்சுட்டாக்கூடத் தூக்கிப் போடணும். அப்புறம் அதை மருந்துன்னு நம்பமுடியாது. ஒரு மாசமா அவருக்கு என்ன போச்சுன்னே எனக்குத் தெரியல."

அவன் வயிற்றில் இருந்த இருபத்தெட்டு குத்துகளும் கண்முன் வந்து நின்றன. ஊசிக்குப் பயந்தவன், கண்ணை மூடிக்கொண்டு, அக்காவை நம்பி வாங்கிய குத்துகள்.

"அவன்கிட்ட..." என்று இழுத்தேன்.

"நான் மறைக்கமாட்டேன். என் சீட்டுல எழுதத்தான் போறேன், அவர் கேட்டா சொல்லவும் செய்வேன். ஆனா நீங்களே சொல்லிடுங்க. அதான் சரி."

எழுதினாள். எறும்பு ஊர்ந்ததுபோல இரண்டு வரி. எட்டிப் பார்த்தேன், எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. டாக்டர் கையெழுத்தை எவன் படிக்கப்போகிறான் என்று ஒரு கெட்ட நிம்மதி வந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் வந்தது.

படத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. "முதல்லேர்ந்து ஆரம்பிப்போம், புதுப் பேனா தரேன்" என்று மட்டும் அவனிடம் டாக்டர் சொன்னாள். வண்டியில் தம்பி என் பக்கத்தில் டாக்டர் எழுதிய சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். ஃபாக்டரி முழுக்கச் சிரிப்பு. அப்பா படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தப் பொட்டியை நான் நம்பவில்லை. ஐஸ் உறையவைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போடும் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துவந்து உள்ளே கட்டித் தொங்கவிட்டேன். வெளியே போனால் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நாலு, அஞ்சு, நாலு. எட்டாக மடித்த அந்தக் காகிதத்தையும் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். "உறைய விடக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எறும்பு எழுத்துக் காகிதத்தில் அது ஒன்றுதான் கொட்டை எழுத்து.

ஆனால் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் முதல் படியில் கால் வைக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்வேன். ஐந்தாவது படியில் வார்த்தை தயாராகிவிடும். பத்தாவது படியில் நின்றுவிடுவேன். கேட்டதுக்கு அப்புறமும் மறைச்ச பாரு என்று அவன் சொன்னது காதில் கேட்கும். சொன்னால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வான். மறுபடியும் கரும்பலகை, மறுபடியும் அந்தப் பெரிய வீடு. பதினேழாவது படியில், "என்னடா, தூங்கினியா?" என்று உள்ளே நுழைவேன். அவன் எதையாவது கேட்டுவிடுவானோ என்று தினமும் பயந்தேன். ஐஸ் ரூம் டப்பாவை விட்டு ஃப்ரிட்ஜுக்கு ஏன் மாறினாய் என்றுகூட அவன் கேட்கவில்லை.

மூன்றாவது மாதப் படத்தில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினாள். அடுத்த படத்தில் நூல் பட்டையானது. ஊசியா, உடம்பா, எது செய்தது என்று தனக்கே தெரியாது என்று சிரித்தாள் டாக்டர். ஆறாவது மாதம் அவன் ஊன்றுகோல் இல்லாமல் ஜன்னல்வரை நடந்தான். நான் பின்னாலேயே ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே போனேன்.

கடைசி ஊசி போட்ட அன்று டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு?" என்றான்.

"நாளைக்கு ஒண்ணுமில்ல. நீதான் தேறிட்டியே."

பதினேழு படியையும் அழுதுகொண்டே இறங்கினேன். கால் சேர்ந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தம்பி மனைவி நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் நாங்கள் சண்டை போடவில்லை. பேசினோம், சிரித்தோம், சேர்ந்து சாப்பிட்டோம். ஆனால் அவன் ஐந்து மணிக்கே மெஷின் ரூமுக்குப் போய்விடுவான், நான் ஆபீஸுக்கு. ஆறு மணி என்ற அந்த நேரம் எங்களுக்குத் திரும்ப வரவே இல்லை. சும்மா ஒருநாள் மேலே போய் உட்கார்ந்திருக்கலாம்தான். காரணம் இல்லாமல் போக எனக்குத் தெரியவில்லை. போனால் சொல்லிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு நொறுங்கியது. ஐஸில் ஐம்பது வருடம் நடந்தவள் சோப்புத் தண்ணீரில் விழுந்தேன். அதே டாக்டர், தலையில் இப்போது நாலு நரை. என் இடுப்பிலும் எலும்பு எடுத்து மணிக்கட்டில் வைத்தாள். "உங்க எலும்பு மொத்தமாவே தேஞ்சிருக்கு. உங்களுக்கும் அந்த ஊசிதான்மா. வீட்டுல போட ஆள் இருக்கா?" என்றாள். எங்கே வைப்பீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

இன்று காலை ஆறு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி என்றுதான் நினைத்தேன், இப்போது அவள் மயங்குவதில்லை. இல்லை. இரண்டு காலும் ஒரே அளவில் விழும் சத்தம். தம்பி. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். நேராக அந்தப் பழைய ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தான்.

"அஞ்சு," என்றான். பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேசாக அசைத்தான். "நல்லா இருக்குக்கா. இது உறையல."

"என்ன சொன்ன?"

"உறையலேன்னேன். முதல் தடவை மாதிரி இல்ல."

"உனக்கு... உனக்கு எப்படா தெரியும்?"

"அன்னிக்கே. வண்டியில வரும்போது. சீட்டு என் மடியிலதானே இருந்துச்சு."

"அது டாக்டர் கையெழுத்துடா!"

"ஆமா. அஞ்சு வருஷம் உன் சாக்பீஸ் எழுத்தைப் படிச்சவனுக்கு அதெல்லாம் ஒரு எழுத்தா?"

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். "ஏன்டா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவன் புது முனையை மாட்டுவதிலேயே கண்ணாக இருந்தான். "தினமும் நீ படியேறி வர்ற சத்தம் கேக்கும். பத்தாவது படியில நிப்ப. இன்னிக்கு நீ சொல்லப்போறேன்னு நான் படுத்துக்கிட்டே காத்திருப்பேன். கேக்கலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்டு, அதுக்கு நீ ஒரு பொய் சொல்லிட்டேன்னு வெச்சுக்க, மறுபடியும் அஞ்சு வருஷம் போயிருக்கும். என்னால முடியாதுக்கா. அதான் கேக்கவே இல்ல."

பதினோரு வருடம் அவனிடமிருந்து நான் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அவன்தான் என்னை என்னிடமிருந்தே காப்பாற்றி வைத்திருந்தான். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அந்த முதல் பேனாவை நான்தான்டா கெடுத்தேன். ஐஸ் ரூம்ல வெச்சேன். உன்கிட்ட மறைச்சேன்."

"சரி," என்றான். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னான். பிறகு பஞ்சால் துடைத்தான். அறுபதை நெருங்குகிறான், ஊசி என்றால் இன்னும் பயம். குத்த வேண்டியது எனக்கு, அவன்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

சுருக்கென்றது. அவன் எண்ண ஆரம்பித்தான், ரொம்ப மெதுவாக. ஏழில் கொஞ்ச நேரம் நின்றுகூடப் போனான். நான் அவசரப்படுத்தவில்லை. மேலே தம்பி மனைவி டம்ளர்களை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மூன்று டம்ளர்.